பருந்து பார்க்கப் பத்து வெள்ளியா?

"பருந்து பார்க்கப் பத்து வெள்ளியா, ஐயா? வீட்டுக்குப் பின்னால கோழிக்குஞ்சை அவிழ்த்து விட்டா, அதுவே இலவசமா வந்து நிக்குமே!"

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் இப்படிக் கேட்டதும் கூடமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. பத்து வெள்ளி என்பது நம் வீடுகளில் ஒரு வேளைக் கறிச் செலவு. அதை எடுத்துக் கொடுத்து, வானத்தில் போகிற பருந்தைப் பார்த்துவிட்டு வா என்று பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

அன்பு வாசகர்களே, அந்தத் தாயாருக்கு அன்று சொல்லத் தெரியாத பதிலைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு பயணத்தைப் பற்றிப் பேச்சு வரலாம். வந்தால், இது உங்களுக்குப் பயன்படும்.

போன ஆண்டு பட்ட பாடு

நாங்கள் போன இடம் தஞ்சோங் துவான். போர்ட்டிக்சன் கடற்கரையில் தெலுக் கெமாங்கைத் தாண்டிப் போனால், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் சிறு காட்டுக் குன்று அது. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலம். ஆனால் இந்த ஒரு துண்டு நிலம் மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. குன்றின் உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் ஒன்று நிற்கிறது. போர்த்துக்கீசியர் காலத்திலேயே அங்கே விளக்கு ஏற்றினார்கள் என்பது வரலாறு. இன்று நாம் பார்க்கும் கோபுரம் 1863ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கீழே பாறையில் ஹாங் துவாவின் கால்தடம் என்று ஒன்றையும் காட்டுவார்கள்.

போன ஆண்டே நான் ஒரு முறை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். பறவை பார்ப்பது என்றால் விடியற்காலையில் போக வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதை நம்பி, கோழி கூவும் முன்பே பஸ் ஏற்றிவிட்டேன். ஏழரை மணிக்கெல்லாம் குன்றின் மேல் நின்றோம். எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, பத்தும் ஆயிற்று. இரண்டு காகமும் ஒரு குரங்கும்தான் கண்ணில் பட்டன. பஸ்காரருக்கு வேறு சவாரி இருந்தது, பத்தேகாலுக்கு இறங்கிவிட்டோம்.

திரும்பும் வழியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பின் இருக்கையிலிருந்து சத்தமாகச் சொன்னான்: "ஐயா, பருந்துங்க எல்லாம் இன்னைக்கு மட்டம் போட்டுடுச்சு போல!"

பஸ்ஸே அதிர்ந்தது. அந்தப் பையனே வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போடுகிறவன். அதனால் சிரிப்பு இன்னும் பலமாகக் கேட்டது. நான் மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அறுபது எழுபது வீடுகளின் காசை வீணடித்த ஆசிரியன் என்ற எண்ணம் பல நாள் என்னை விடவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். பறவை ஆர்வலர் ஒருவர் சொன்னது இதுதான்: "நீங்கள் இறங்கிய நேரத்தில் பறவைகள் கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ராவிலேயே இருந்திருக்கும். வெயில் ஏறாமல் அவை கிளம்பாது. அடுத்த முறை பதினொரு மணிக்கு மேல் பொறுமையாக நில்லுங்கள்."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்!

வடக்கே வசந்தம், இங்கே இலையுதிர்வு

பயணத்துக்கு முந்திய வாரம், பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சீனா, கொரியா, ஜப்பான், சைபீரியா ஆகிய வட நாடுகளில் குளிர்காலம் வந்தால் பனி கொட்டும். பூச்சி புழு, தவளை, ஓணான் எதுவும் கிடைக்காது. அங்கே குஞ்சு பொரித்த பருந்துகளும் வல்லூறுகளும் தெற்கே கிளம்பி, தாய்லாந்து, மலேசியா வழியாக இந்தோனேசியத் தீவுகளுக்கு வந்துவிடுகின்றன. அங்கே வசந்தம் பிறக்கும் நேரத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கூடு கட்டவும் குஞ்சு பொரிக்கவும் மறுபடியும் வடக்கே திரும்புகின்றன.

வசந்தம் என்றால் நமக்குப் பாட்டில்தான் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அதே மாதங்களில்தான் நம் பால்மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நின்று, பிறகு சிவப்புத் துளிர் விடுகின்றன. வடக்கே மரம் துளிர்க்கிற காலமும் நம் பால்மரம் துளிர்க்கிற காலமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சரி, அவ்வளவு பெரிய நாட்டில் அவை ஏன் தஞ்சோங் துவானுக்கு வர வேண்டும்? காரணம் கடல். பருந்து போன்ற கனத்த பறவைகள் நாள் முழுவதும் இறக்கையை அடித்துக்கொண்டே பறப்பதில்லை. அடித்தால் களைத்துப் போகும். வெயிலில் நிலம் சூடானதும் அனல்காற்று மேலே எழும். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தால் ஆவி எழுகிறதே, அதைப் போல. அந்தக் காற்றில் இறக்கையை விரித்து வட்டமிட்டு வட்டமிட்டு உயரே ஏறிக்கொள்ளும். உச்சிக்குப் போனதும் அங்கிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த அனல்காற்று வரைக்கும் போகும். செலவில்லாத பயணம்!

கடலின் மேல் இந்த வசதி போதிய அளவு கிடைப்பதில்லை. நிலம் போலக் கடல் சட்டென்று சூடாவதில்லை. அதனால் கடலைத் தாண்டும்போது இறக்கையை அடித்தே ஆக வேண்டும். ஆகவே, கடல் எங்கே குறுகலாக இருக்கிறதோ அங்கே தாண்டப் பார்க்கின்றன. மலாக்கா நீரிணையில் அப்படிப்பட்ட இடங்களில் ஒன்றுதான் இது. சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். ஆற்றைக் கடக்க நம் முன்னோர் துறை பார்த்து இறங்கினார்கள் அல்லவா, அதே அறிவு.

காலையில் சுமத்ரா நிலம் சூடாக வேண்டும்; பறவை உயர வேண்டும்; பிறகு கடலைத் தாண்ட வேண்டும். பதினொரு மணிக்கு முன்னால் போய் நின்ற என் புத்தியை என்னவென்று சொல்வது!

குன்றின் மேல்

இந்த முறை மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை. மலேசிய இயற்கைக் கழகத்தார் 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே மார்ச் மாதத்தில் பருந்து பார்க்கும் விழா நடத்தி வருகிறார்கள். மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும் கலங்கரை விளக்கத்து வளாகத்தை அப்போது பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்த வார இறுதியாகப் பார்த்துத்தான் நாங்கள் கிளம்பினோம்.

மாணவர்கள் இருபத்திரண்டு பேர், ஆசிரியர்கள் இருவர், பெற்றோர் நால்வர். கடைசி நேரத்தில் ஒரு பாட்டியும் பஸ் ஏறிக்கொண்டார். போன ஆண்டு "மட்டம் போட்டுடுச்சு" என்றானே, அந்தப் பையனின் பாட்டி அவர். நாற்பது ஆண்டு பால் வெட்டிய கை. பையனின் தகப்பனார் நெடுந்தூர லோரி ஓட்டுகிறார். வீட்டுக்கு எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பையனைப் பார்த்துக்கொள்வது பாட்டிதான். "இவனைத் தனியா அனுப்பினா குன்றுலருந்து குதிச்சாலும் குதிப்பான், ஐயா" என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் அமர்ந்துகொண்டார்.

மேலே ஏறும் தார்ச்சாலை காட்டுக்கு நடுவே போகிறது. மொத்தக் காடே ஏறக்குறைய 80 ஹெக்டர்தான். நம் கணக்கில் இருநூறு ஏக்கர். ஒரு சிறு தோட்டத்தின் ஒரு பிரிவு அளவுகூட வராது. சுற்றிலும் ஓட்டல்களும் வீடுகளும் வந்துவிட்டன. கடலைத் தாண்டி வருகிற பறவைகளின் கண்ணுக்கு முதலில் தெரிகிற பச்சை இந்த இருநூறு ஏக்கர்தான் என்று சொன்னபோது, பிள்ளைகள் மரங்களைக் கொஞ்சம் வேறு விதமாகப் பார்த்தார்கள்.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் பசியாறினோம். பாட்டி கொண்டுவந்த நாசி லெமாக் பொட்டலங்களில் ஒன்றை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு ஓடியது. "ஓடு, ஓடு! சம்பல் காரம், தெரிஞ்சுக்குவே!" என்று பாட்டி கத்தியதைக் கேட்டுப் பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர்களும் சிரித்துவிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பலரும் அங்கே கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றார்கள். எங்களிடம் இரவல் வாங்கிய தொலைநோக்கிகள் இரண்டே இரண்டு. அதிலும் ஒன்றில் ஒரு கண் தெரியாது. வரிசை போட்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கொடுத்தோம்.

பத்து மணி. பத்தரை. பதினொன்று. வானம் வெறிச்சோடிக் கிடந்தது. மேகம் வேறு மூடிக்கொண்டு வந்தது. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கறிக் காசைக் கொடுத்த இருபத்திரண்டு வீடுகளுக்கும் இந்த முறையும் என்ன சொல்வேன்?

அந்த நேரத்தில் கடலோரமாக ஒரு பறவை வந்தது. செம்மண் நிற உடம்பு, வெள்ளைத் தலை. பாட்டி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றார். பிள்ளைகளும் கும்பிட்டார்கள். கோயில் குடமுழுக்கின்போது கலசத்துக்கு மேல் வட்டமிடாதா என்று நாம் அண்ணாந்து பார்க்கிறோமே, அதே கருடன்தான். இது கடலோரங்களிலும் ஆற்று முகங்களிலும் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவை. பயணம் வந்தது அல்ல. ஆனாலும் நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு

மேகம் விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் கையை நீட்டினான்.

"ஐயா, தண்ணி மேல ஒரு புள்ளி."

நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தொலைநோக்கி வைத்திருந்தவர்களுக்கும் தெரியவில்லை. "எங்கடா?" என்றேன். "கப்பலுக்கு மேல, ஐயா. இப்ப ரெண்டு. இல்ல, நாலு."

ஒரு நிமிடம் கழித்துத்தான் எங்கள் கண்ணுக்கு எட்டியது. கடல் மட்டத்துக்குச் சற்று மேலே, இறக்கையை அடித்து அடித்து, ஏதோ பாரம் சுமக்கிறவர்கள் போல வந்துகொண்டிருந்தன. அருகே நின்ற கழகத்துப் பெரியவர் பையனின் முதுகில் தட்டிக் கொடுத்து, நல்ல கண் என்று மலாயில் பாராட்டினார். அவனைப் பள்ளியில் யாரும் எதற்கும் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவை தேன்பருந்துகள். தஞ்சோங் துவானைத் தாண்டுகிறவற்றில் மிகுதியானவை இவைதாம். மலாய்க்காரர்கள் 'லாங் லெபா' என்பார்கள். தேனீப் பருந்து என்று பொருள். தேனடையையும் குளவிக் கூட்டையும் பிய்த்து, உள்ளே இருக்கும் புழுக்களைத் தின்னும். கொட்டுப்படாமல் இருக்க, முகத்தில் மீன் செதிலைப் போன்ற கெட்டியான சிறு இறகுகள் உண்டு. இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றரை மீட்டரை நெருங்கும். தலை மட்டும் புறாத்தலை போலச் சிறியது.

கரையைத் தொட்டதும் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! குன்றின் மேல் மோதி எழும் காற்று கிடைத்தவுடன் இறக்கை அடிப்பதை நிறுத்திக்கொண்டன. அப்படியே விரித்தபடி, ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டு எங்கள் தலைக்கு நேர் மேலே ஏறின. மரத்துக்கு மேல், விளக்குக் கோபுரத்துக்கு மேல், பிறகு கண்ணுக்கு எட்டாத உயரம். அங்கிருந்து வடக்கே சறுக்கிக்கொண்டு போய் மறைந்தன. பின்னாலேயே அடுத்த கூட்டம். அதற்குப் பின்னால் இன்னொன்று. நடுநடுவே தலையில் கொண்டை வைத்த, கருப்பு வெள்ளைச் சிறு பருந்துகள். பெரியவர் காட்டிய சீன வல்லூறு ஒன்று அம்பு போலப் போய்விட்டது. பாதிப் பேர் பார்க்கவில்லை.

ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் தேன்பருந்துகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, துணைக்கோளத்தின் மூலம் அவை போகும் வழியைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஜப்பானில் கூடு கட்டும் தேன்பருந்து, வசந்தத்தில் இந்தோனேசியாவிலிருந்து நம் தீபகற்பம், சீனா, கொரியா வழியாகச் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேருகிறது. ஒரு வழிக்கே பத்தாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு வரும். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, பையன் கேட்டான்: "இவ்ளோ தூரம் போயிட்டு, மறுபடி வருமா, ஐயா?"

"வரும். செப்டம்பர், அக்டோபரில் தெற்கே வரும். அடுத்த மார்ச்சில் இப்படியே வடக்கே போகும்."

"வழி மறக்காதா?"

"மறக்காதுடா" என்றார் பாட்டி, நான் வாயைத் திறப்பதற்குள்.

பாட்டி சொன்ன பாடம்

பிறகு பாட்டி சொன்னதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

"ஐயா, இதை நான் பார்த்திருக்கேன். சின்ன வயசுல, பால் எடுக்குற நேரத்துல. எலை எல்லாம் கொட்டி மரம் மொட்டையா நிக்கும். அண்ணாந்து பார்த்தா வானம் தெரியும். அப்ப இதுங்க கூட்டங்கூட்டமா வட்டம் போடும். வாளியை வெச்சுட்டுப் பார்ப்போம். மண்டோரு கத்துவாரு. மத்த மாசத்துல பால்மரக் காட்டுல வானம் ஏது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எவ்வளவு சரியான பேச்சு! பயணப் பறவைகள் தாண்டுகிற அதே மாதங்களில்தான் பால்மரம் இலை உதிர்க்கிறது. அவை உயரே ஏறுகிற அதே நேரத்தில்தான் பால்வெட்டுத் தொழிலாளி வாளியோடு பால் எடுக்கப் போகிறார். புத்தகம் படித்து, மேற்கோள் தேடி, நான் கரும்பலகையில் எழுதிய பாடத்தை இந்த அம்மாள் ஐம்பது ஆண்டுக்கு முன்பே நிரையில் நின்று பார்த்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

இன்று அந்தக் காட்டில் செம்பனை நிற்கிறது. செம்பனை இலை உதிர்த்து மொட்டையாவதில்லை. வானமும் முன்போல் தெரிவதில்லை.

சட்டைப் பையில் லாஸ்டிக்

பகல் ஒரு மணி இருக்கும். ஒரு பருந்து மட்டும் கூட்டத்தை விட்டுப் பிந்தி வந்தது. மிகவும் தாழ்வாக, விளக்கு வளாகத்து மதிலை உரசுவது போல வந்தது. களைப்பு அதன் ஒவ்வோர் இறக்கை அடியிலும் தெரிந்தது. ஒரு கல் தூரம்தான். பையனின் வலது கை காற்சட்டைப் பைக்குள் போவதைப் பார்த்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் லயத்தில் அவனைப் போல லாஸ்டிக் அடிக்கிறவன் கிடையாது. குறி வைத்தால் மைனா விழும், மணிப்புறா விழும். நான் இருந்த இடம் தூரம். கத்தினால் அத்தனை பேர் முன்னால் அவனுக்கு அவமானம். கத்தாவிட்டால்? கால் நகரவில்லை எனக்கு.

அவன் கையை வெளியே எடுத்தான். வெறுங்கை. விரலை நீட்டி, "ஐயா, அதோட றெக்கையில ரெண்டு எறகு இல்ல!" என்றான்.

உண்மைதான். இடது இறக்கையில், சீப்பில் பல் விழுந்தது போல ஓர் இடைவெளி. அந்த இறக்கையோடுதான் அது கடலைத் தாண்டி வந்திருக்கிறது. எங்கள் தலைக்கு மேலே வந்ததும், தட்டுத் தடுமாறி இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் காற்று பிடித்துவிட்டது. அது மேலே ஏற ஏற, எங்கள் கூட்டம் முழுவதும் தன்னை அறியாமல் கைதட்டியது. பையன் கைதட்டவில்லை. அது மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பையிலிருந்து லாஸ்டிக்கை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு எங்கள் கணக்கு நூற்று நாற்பத்து மூன்று பறவைகள். செம்பனைக் குலை எண்ணுவது போல நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு என்று பாட்டிதான் எண்ணிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை அதை வகுப்புச் சுவரில் எழுதி ஒட்டும் வேலையைப் பையனிடம் கொடுத்தேன். அந்த வாரம் ஐந்து நாளும் பள்ளிக்கு வந்தான். அடுத்த வாரம் நான்கு நாள். கணிதத்தில் தேறிவிட்டான் என்று நான் கதை விட மாட்டேன். ஆனால் மட்டம் குறைந்திருக்கிறது. லாஸ்டிக் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. மாங்காய்க்குத்தான் என்கிறான். நம்புகிறேன்.

நம் வீட்டைச் சுற்றி

தஞ்சோங் துவான் எல்லாருக்கும் எட்டாது. அதற்காக வருந்த வேண்டாம். நம் தோட்டத்திலேயே கதை சொல்லும் பறவைகள் எத்தனையோ உண்டு.

காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் சோறு வைக்கிற சாம்பல் கழுத்துக் காகம் இந்த நாட்டுப் பறவை அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நம் பாட்டன்மாரைப் போலவே, தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்த பறவை! காப்பி போய் ரப்பர் வந்தது; காகம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. காகம் பெருகியதும், அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் மேற்குக் கரையில் நிலைத்துவிட்டது. விடியற்காலையில் நம் தூக்கத்தைக் கெடுக்கிறதே, அந்தக் குயில்தான்.

அடுத்தது கூகை. வெள்ளை முகம், இரவில் கிறீச்சென்று அலறல். கேட்டாலே நம் தாய்மார்கள், "யார் வீட்டுக்கு என்ன வரப்போகுதோ" என்று கதவைச் சாத்துவார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு துக்கம் நடந்த மறுநாள், சில இளைஞர்கள் செம்பனைக் காட்டிலிருந்த கூகைப் பெட்டியை அடித்து நொறுக்கினார்கள். உள்ளே மூன்று குஞ்சுகள். அதைத் தடுக்க முடியாமல் நின்றவர்களில் நானும் ஒருவன்.

அந்தப் பெட்டிகள் ஏன் இருக்கின்றன? செம்பனைப் பழத்தை நாசமாக்குவது எலி. கூகைக்கு இரை எலி. ஒரு ஜோடி, குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கணக்கான எலிகளைப் பிடித்துவிடும். அதனால்தான் ஏறக்குறைய பத்து ஹெக்டருக்கு ஒன்று என்று தோட்டங்களில் பெட்டி வைக்கிறார்கள். எலி விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால், கூகையும் சாகும். கூகை இருந்தால் விஷத்தின் தேவை குறையும். அந்த விஷத்தைக் கையால் அள்ளிப் போடுகிறவர்கள் நம்மவர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சாவைக் கொண்டுவருகிற பறவை என்று நாம் சொல்வது, உண்மையில் நம் கையைக் காப்பாற்றுகிற பறவை.

பருந்து, ஆந்தை இனங்களைச் சுடுவதும் பிடிப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. பிள்ளைகளிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

நீங்களும் போகலாம்

பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பஸ் பிடித்துவிடலாம். எங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டவை இவை:

மார்ச் மாதத்தில் வெயிலுள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை நிற்கத் தயாராக இருங்கள். விடியற்காலையில் போய் ஏமாற வேண்டாம்.

தொப்பி, குடை, நிறையத் தண்ணீர் வேண்டும். சோற்றுப் பொட்டலத்தைப் பைக்குள் கட்டி வையுங்கள், குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும். குப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே வருகிறவர்கள் கேட்டால் தருவார்கள். பிள்ளைகள் அதைக் கொண்டு சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவர்களைப் பேச விடுங்கள். பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தத் தாயாருக்கு இப்போது பதில் சொல்கிறேன். அம்மா, கோழிக்குஞ்சைத் தூக்க வருகிற பருந்தை வீட்டுக்குப் பின்னால் பார்க்கலாம். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் இரண்டு இறகு இல்லாமல் கடலைத் தாண்டி, வீட்டுக்குப் போகிற பருந்தை உங்கள் மகள் பார்த்தாள். அன்று இரவு உங்களிடம் வந்து அதைச் சொல்லியிருப்பாள். அடுத்த மார்ச்சில் மறுபடியும் போகிறோம். நீங்களும் வாருங்கள். பஸ்ஸில் உங்களுக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன், பாட்டிக்குப் பக்கத்தில்.